புள்ளி ஏறவேணும்

இல்லைத் தம்பி, வெட்டாதேங்கோ. ரெண்டு ரூவா எண்டே இருக்கட்டும். திரளி மீன், இறாத்தல் ரெண்டு ரூவா. எழுதினதை என்னத்துக்கு வெட்டுவான்?

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? நம்பிக்கை இல்லாட்டி அங்காலை கேளுங்கோவன். அந்தப் பச்சைச் சீலை கட்டினவவும் ரெண்டு ரூவா எண்டுதான் சொல்லுவா, அவவுக்குப் பக்கத்திலை இருக்கிற கிழவியும்... ஆ, கேட்டாச்சோ? எல்லாரும் ரெண்டு ரூவாவோ? பாத்தியளே! ஒரு சதம் கூடக் குறைய வந்திருக்காதே. முல்லைத்தீவுச் சந்தை அப்பிடித்தான். நல்ல ஒற்றுமை.

இந்தப் பெட்டியைக் கவிட்டுப்போட்டு இருங்கோ. நிண்டு நிண்டு கால் உளைஞ்சிருக்கும். மீராசாகிபு நானா! இஞ்சை ஒரு பிளேன்ரீ குடுத்துவிடுங்கோ, புள்ளிக்காரத் தம்பிக்கு.

என்ன? புள்ளிக்காரன் இல்லையோ? காலமை பஸ்ஸாலை இறங்கி, புள்ளிவிபரக் கந்தோரிலை இருந்து வாறன் எண்டு நானாவிட்டை வழி கேட்டனீங்களெல்லே? அந்தச் சொல்லு உங்களுக்கு முன்னம் ஓடிச் சந்தைக்கு வந்திட்டுது. நீங்கள் நானா கடையிலை முகம் கழுவி, தலை இழுத்து, ஆடி அசைஞ்சு வாறதுக்கிடையிலை இஞ்சை எல்லாருக்கும் தெரியும், புள்ளி வந்திட்டுது எண்டு.

என்ரை பேரோ? யூலிற்றா. இராயப்புவின்ரை பெண்சாதி. வீடு கரையிலை. கோயிலைத் தாண்டினாப் பிறகு, றோட்டைப் பாத்த வாசல் வீடு எது எண்டு ஆரிட்டையும் கேளுங்கோ, காட்டுவினம். மற்ற வீடெல்லாம் கடலைப் பாத்தபடி இருக்கும், எங்கடை ஒண்டுதான் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கும். முந்தி அதுவும் கடலைப் பாத்த வாசல்தான். காத்து வருமெண்டு என்ரை மனுசன் போன வரியம் பிரிச்சு மாத்தினவர்.

மனுசன் றோட்டு வேலை. கல்லுப் பரவுறது, தார் ஊத்திறது. முந்திக் கடல். இப்ப நாரி நோ, இடுப்பு நிமித்தேலாது, வள்ளம் தள்ளேலாது, வலை இழுக்கேலாது. ஓம், கல்லுச் சுமக்கிறார்தான். தார்ப் பீப்பாவும் உருட்டுறார். நாரி நோவிலை கனவகை இருக்குத் தம்பி. நீங்கள் புள்ளி படிச்சனீங்கள், நாரி படிக்கேல்லை.

இதைக் கேளுங்கோ. நான் உங்களிட்டை ஒளிக்கேல்லை. எனக்குப் புள்ளி ஏறவேணும். வாற பங்குனிக்கு முன்னம் ஏறவேணும். ஏன் எண்டு கேட்டால், றோட்டுக் கூலி எங்களுக்குக் காணாது. மனுசன்ரை தமையன் மரியநேசன், சொந்த வள்ளம் வைச்சிருக்கிறவர், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிய வெளியிலை நிண்டு பிடிப்பார். டேய் இராயப்பு, அந்தக் கூலியை வைச்சு என்னத்தைக் காணப்போறாய், வாடைக் காத்து அடங்கிக் கடல் திறக்க வந்து ஏறு எண்டுவார். இவர் நாரியைத் தடவிக் காட்டுவார். கடைசியாக் கிறிஸ்மஸ் அண்டைக்கு வாக்குக் குடுத்திட்டார் பாருங்கோ. பங்குனிக்குள்ளை படி ஏறினா நான் கரையிலை நிக்கிறன், ஏறாட்டி வள்ளத்துக்கு வாறன் எண்டு. இப்ப மாசி பிறந்திட்டுது. அப்ப நான் என்ன செய்யிறது? புள்ளியைத்தான் பிடிக்கவேணும்.

படி எண்டா உங்களுக்குத் தெரியும், கூலிக்கு மேலாலை தாற வாழ்க்கைச் செலவுப் படி. அந்தப் படி புள்ளியோடை கட்டியிருக்காம், பட்டி மாட்டை மரத்திலை கட்டின மாதிரி. இதை எங்களுக்கு விளங்கப்படுத்தினது ஓவசியர் தில்லைநாதன். நல்ல மனுசன், பேப்பர் வாசிக்கிறவர். றோட்டிலை வேலை செய்யிற எல்லாரையும் மரத்துக்குக் கீழை இருத்தி வைச்சுச் சொன்னவராம், கொழும்பிலை புள்ளி ஏறினா உங்கடை படி ஏறும் எண்டு. என்ரை மனுசன் வந்து என்னட்டைச் சொன்னார். நான் கேட்டன், என்ன புள்ளி எண்டு. அவருக்கும் தெரியாது. வாழ்க்கைப் புள்ளியாம் எண்டார்.

நான் என்ன நினைச்சன் சொல்லுங்கோ பாப்பம்? எங்கடை மூத்தவள் கன்னியாஸ்திரிமாரின்ரை பள்ளிக்கூடத்திலை சோதினைக்குப் புள்ளி எடுக்கிறவள். நூற்றுக்கு நாப்பது, நூற்றுக்கு நாப்பத்திரண்டு. அப்பிடி அரசாங்கத்துக்கும் ஆரோ சோதினை வைக்கினம் எண்டு நினைச்சன். அரசாங்கம் கவனமாப் படிச்சுக் கூடப் புள்ளி எடுத்தா, சந்தோசத்திலை எங்களுக்கும் கொஞ்சம் தரும். நியாயம்தானே? அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினன், அரசாங்கம் பாஸ் பண்ணவேணும் எண்டு.

சிரிக்காதேங்கோ தம்பி, தேத்தண்ணி புரைக்கேறப்போகுது.

பேந்து ரேடியோவிலை சொல்லிச்சினமாம், புள்ளி நூற்றுப் பன்னிரண்டோ என்னவோ எண்டு. நூற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு! ஆர் எடுப்பான்? நான் மகளுக்கு ஏச்சுக் குடுத்தன், பாரடி அரசாங்கம் எவ்வளவு எடுக்குது எண்டு. அதுக்குப் பிறகுதான் ஓவசியர் வீட்டுக்கே வந்து சொன்னவர், இல்லை யூலிற்றா, இது சோதினையில்லை, சாமான் விலை ஏற ஏறப் புள்ளி ஏறும் எண்டு. எனக்குத் தலை சுத்திப்போச்சு. விலை ஏறினாக் கூடாது. புள்ளி ஏறினா நல்லது. ரெண்டும் ஒண்டாம். இதை ஆர் தம்பி கண்டுபிடிச்சது? கலியாணம் முடிக்காத ஆளாத்தான் இருக்கும்.

எப்பிடி விலையைப் பிடிப்பினம் எண்டு கேட்டன். கொழும்பிலை ஒரு தொழிலாளிக் குடும்பத்தை வைச்சுக்கொண்டு, அந்தக் குடும்பம் என்ன சாப்பிடுது, என்ன உடுக்குது, எத்தினை தரம் படம் பாக்குது எண்டு பாத்து, அந்தச் சாமானுக்கெல்லாம் விலை கேட்டு எழுதுவினமாம். அண்டையிலை இருந்து எனக்கு அந்தக் குடும்பத்தின்ரை நினைப்புத்தான். பாவம், வீட்டுக்குள்ளை ஆரோ எந்த நேரமும் கொப்பியோடை நிண்டா அந்தப் பொம்பிளை எப்பிடிச் சமைக்கிறது?

அப்பிடி ஒரு குடும்பம் இல்லையோ? சராசரியோ? ஓவசியரும் அந்தச் சொல்லுத்தான் சொன்னவர். சராசரி எண்டா என்ன தம்பி? அப்ப நான் ஒரு நாள் திரளியை ஒரு ரூவாவுக்கு விக்கிறன், அடுத்த நாள் அரை ரூவாவுக்கு விக்கிறன். நீங்கள் என்ன எழுதுவியள்? முக்கால் ரூவாவோ? நான் அந்த ரெண்டு நாளும் முக்கால் ரூவாவுக்கு ஒரு செதில் கூட விக்கேல்லையே! விக்காத விலையை எழுதுவியள், இல்லாத குடும்பத்துக்குச் சமைப்பியள். இதுக்குச் சம்பளமும் தருகினம். எங்கடை சுவாமியார் கூடப் பூசையிலை இவ்வளவு விசுவாசம் கேக்கமாட்டார்.

வாங்கோ ரீச்சர்... இல்லை ரீச்சர், இண்டைக்கு... என்ன, முக்கால் ரூவாவோ? ஆர் சொன்னது முக்கால் ரூவா எண்டு? நேற்றோ? நேற்று வேறை மீன். இல்லை, இது பெரிய இனம். ரீச்சர், நான் கண்ணைக் காட்டுறது தெரியேல்லையே? கொஞ்சத்தாலை வாங்கோ. பஸ் வெளிக்கிட்டாப் பிறகு வாங்கோ. ஓம், ஓம், அந்த விலைக்கே தாறன், இப்ப போங்கோ.

பாருங்கோ தம்பி, படிச்ச மனுசி, ஒரு கண்ணடிப்பு விளங்குதில்லை.

சரி, சரி. பேனையைக் கீழை வையுங்கோ, உண்மையைச் சொல்லுறன். முக்கால் ரூவாதான். ரீச்சரின்ரை வாயைப் பொத்தேலாது. சந்தையிலை எல்லாரும் பேசி வைச்சுத்தான் சொன்னனாங்கள். பேச வைச்சது நான்தான். விலை எழுத ஒரு பெடியன் கொப்பியோடை வருவானாம் எண்டு கேள்விப்பட்ட உடனை நான் இவையளைக் கூப்பிட்டுச் சொன்னன். பிள்ளையள், மீன் விலை எங்கடை கையிலை, மீன் விலை ஏறினாப் புள்ளி ஏறும், புள்ளி ஏறினா எங்கடை மனுசன்மாரின்ரை படி ஏறும், இவ்வளவு நாளும் இது தெரியாமல் மலிவா வித்துக்கொண்டு இருந்திருக்கிறம். இவையளுக்கும் சரியாப்பட்டுது. பாதிப்பேரின்ரை மனுசன்மார் றோட்டிலை, மிச்சப்பேருக்கு மீனுக்கு ரெண்டு ரூவா கிடைச்சாக் கசக்குமே?

ஆனா நீங்கள் எண்டைக்கு வருவியள் எண்டு ஆருக்குத் தெரியும்? அதாலை ஒவ்வொரு நாளும் ரெண்டு ரூவா சொன்னம். ஐயோ தம்பி, அந்தக் கிழமையை நினைச்சா! ஒரு நாய் கூட இந்தப் பக்கம் வரேல்லை. கோடு, கச்சேரி எண்டு அரசாங்கக் கந்தோர்க் கிளாக்கர்மார் எல்லாம் பருப்புக்கு மாறிச்சினம். கன்னியாஸ்திரிமார் தபசு காலம் முன்னுக்கே வந்த மாதிரி மரக்கறி சாப்பிட்டினம். விக்காத மீனெல்லாம் கருவாடு. கரை முழுக்கக் கருவாடு. என்ரை மனுசன் மூண்டு வேளையும் திரளி திண்டு, கடைசியிலை கேட்டார், யூலிற்றா, புள்ளி ஏறுதோ இல்லையோ, எனக்குச் செதில் முளைக்கப்போகுது எண்டு.

ஊருக்குப் புதுசா ஆர் வந்தாலும் புள்ளிக்காரன் எண்டு நினைச்சம். ஒருத்தர் வெள்ளை வேட்டியோடை வந்து மீன் என்ன விலை எண்டு கேட்டார். ரெண்டு ரூவா எண்டன். அதோடை விட்டிருக்கலாம். போன கிழமை ரெண்டரை வித்தது, இப்ப இறங்கிப்போச்சு எண்டும் சொன்னன். அந்தாள் யோசிச்சு யோசிச்சுப் போனார். ஆர் தெரியுமே? எங்கடை பக்கத்து வீட்டுச் சுசிலாவைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின்ரை தேப்பன், நெடுங்கேணிப் பக்கம் வேலை செய்யிறவர். இந்த விலைக்கு மீன் விக்கிற ஊரிலை கையிலை நல்லாக் காசு புழங்கும் எண்டு சீதனத்தைக் கூட்டிக் கேட்டுப்போட்டார். சுசிலாவின்ரை தாய் இப்பவும் என்னோடை கதையில்லை. சீதனமும் உங்கடை புள்ளியிலை சேருமே தம்பி? சேராதோ? சேர்த்துப் பாருங்கோ, கெதியா ஏறும்.

இதிலை ஆதாயம் கண்டது ஒராள்தான். அந்தா, கேட்டும் கேளாத மாதிரி இருந்து தேத்தண்ணி ஆத்துறார். நான் போய் விசயத்தைச் சொன்ன உடனை, நானும் உதவி செய்யிறன் பிள்ளை எண்டு மீராசாகிபு நானா வெங்காயத்துக்கு விலை கூட்டினார், செத்தல் மிளகாய்க்கு விலை கூட்டினார், தேத்தண்ணியைத் தடிப்பத்திலை குறைச்சார். நாங்கள் மீனை முக்கால் ரூவாவுக்கு இறக்கிப்போட்டம். அவர் இறக்கேல்லை. புள்ளி இன்னும் ஏறேல்லைப் பிள்ளை, நான் இடையிலை கைவிட்டா நல்லாயிருக்குமே எண்டு கேக்கிறார். என்ரை வாயாலை நான் கெட்டன். கடவுளே, கோயில் கடையிலை மெழுகுதிரிக்கும் விலை ஏறிப்போச்சு. அவ்வளவு பேர் விலை ஏறவேணும் எண்டு கொளுத்தினவை.

சுவாமியார் அறிஞ்சு பிரசங்கத்திலை ஏசினார். விலைவாசி ஏறவேணும் எண்டு செபிக்கிற சனத்தை நான் இஞ்சைதான் கண்டிருக்கிறன் எண்டார். நான் பூசை முடியப் போய்ச் சொன்னன், சுவாமி, நாங்கள் இஞ்சத்தை விலை ஏறச் செபிக்கேல்லை, கொழும்பிலைதான் ஏறவேணும் எண்டு. அங்கையும் ஏழையள் இருக்கினம் யூலிற்றா எண்டார். பேந்து வீட்டை வந்து யோசிச்சன். அங்கத்தை ஏழையளுக்கும் படி ஏறுந்தானே?

என்ன தம்பி, என்னத்துக்குத் தலையை ஆட்டுறியள்? சொல்லுங்கோ. சும்மா சொல்லுங்கோ, நான் ஏசமாட்டன்.

சேராதோ?

இஞ்சத்தை விலை அந்தப் புள்ளியிலை சேரவே சேராதோ? கொழும்புச் சந்தையள் மட்டுமோ? அப்ப நாங்கள் ரெண்டு ரூவா சொன்னாலும் சரி, இருவது ரூவா சொன்னாலும் சரி, அந்தப் புள்ளி அசையாது. பின்னை இந்த வெய்யிலுக்குள்ளை என்னத்துக்கு வந்து எழுதுறியள்? அரசாங்கம் அறிஞ்சு வைக்கவோ? நல்லது. அறிஞ்சு வைக்கட்டும்.

சரி, வெட்டுங்கோ. முக்கால் ரூவா எண்டு போடுங்கோ. வடிவா எழுதுங்கோ. மற்றவையின்ரையும் வெட்டுங்கோ, அவையளுக்கு நான் சொல்லுறன்.

என்ன? ஓம், எனக்கும் தெரியும் கடலிலைதான் காசு கூட வரும் எண்டு. நீங்கள் கணக்குப் பாக்கிறவர், உங்கடை கணக்குப் பிழைக்காது. தமையனோடை போனா ஒரு நல்ல மீன்பாட்டிலையே றோட்டுக் கூலி மாதிரி ரெண்டு மடங்கு வரும். நாரியோ? நாரிக்கு வைத்தியம்... ஓம், பெரியாஸ்பத்திரியிலை காட்டலாம்.

இஞ்சை, கொஞ்சம் கிட்ட வாங்கோ. நானா காது குடுத்துக்கொண்டு நிக்கிறார்.

நாரியிலை ஒண்டுமில்லைத் தம்பி. அவருக்குப் பயம்.

கடலுக்குப் பயம். அந்தப் பெரும்புயல் அடிச்சதெல்லே, முந்தின வரியத்துக்கு முந்தின மார்கழி, அதுக்குள்ளை அம்பிட்டவர். வள்ளம் உடைஞ்சு, ஒரு பலகையைப் பிடிச்சுக்கொண்டு கரைக்கு வந்தவர். வந்து கஞ்சி குடிச்சார், சிரிச்சார், ஆக்களோடை கதைச்சார். எல்லாரும் இராயப்பு சிங்கம் எண்டிச்சினம். கடல் திறக்க நாரி பிடிச்சிட்டுது எண்டார். பேந்து வாசலை மாத்தினார். காத்து வருமாம். காத்து கடல்ப்பக்கத்தாலைதானே தம்பி வாறது! கிணத்தடியிலை குளிக்கேக்கை தண்ணியைத் தலையிலை ஊத்தமாட்டார், சிரட்டையாலை அள்ளி அள்ளித் தோளிலை விடுவார். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது.

என்னட்டை அவர் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் பாயைப் போட்டு நாரிக்கு எண்ணெய் பூசிவிடுறன். நோகாத நாரிக்கு. அவரும் குப்புறக் கிடந்து ஐயோ அம்மா எண்டு முனகுவார். மெதுவா யூலிற்றா எண்டுவார். நான் மெதுவாத்தான் பூசுவன். எனக்கு அந்த நேரம் அவரிலை வாற பாசம், கலியாணம் முடிச்ச புதுசிலையும் வரேல்லை.

தமையன் அறிஞ்சாச் சிரிப்பார். கரை முழுக்கச் சிரிக்கும், இந்தக் கரையிலை பிறந்தவனுக்குக் கடலுக்குப் பயமாம் எண்டு. சிரிக்கட்டும், சிரிப்பாலை ஒருத்தரும் சாகிறதில்லை. ஆனா அதைக் காதாலை கேட்டா இவர் தன்னைக் காட்டவெண்டே அடுத்த நாள் வள்ளத்திலை ஏறிப்போடுவார். அதை நான் கரையிலை நிண்டு பாக்கமாட்டன் தம்பி. என்னாலை ஏலாது. அதாலைதான் புள்ளி. படி ஏறினா, அரசாங்க வேலையிலை நல்ல சம்பளம், அதை விட்டிட்டு ஏன் வாறான் எண்டு தமையனும் விட்டிடுவார். ஒருத்தரும் சிரிக்கத் தேவையில்லை.

அங்கை, பஸ்காரன் ஹோண் அடிக்கிறான். எழும்புங்கோ. இல்லை, தேத்தண்ணிக்குக் காசு வேண்டாம், நானாவுக்கு அந்தக் காசு வெங்காயத்திலை வந்திட்டுது. இந்தத் திரளி ரெண்டையும் கொண்டுபோங்கோ. இலையிலை சுத்தித் தாறன், பஸ்ஸுக்குள்ளை மணக்காது. சும்மா கொண்டுபோங்கோ, அம்மா குழம்பு வைச்சுத் தருவா.

தம்பி, ஒரு நிமிசம். நீங்கள் திரும்பிக் கொழும்புக்குப் போவியளெல்லே? அந்தக் குடும்பம் இல்லை, அது சராசரி எண்டு சொன்னியள். நீங்கள் படிச்சனீங்கள், இருக்கட்டும். ஆனா எங்கையோ ஒரு குசினியிலை அடுப்புக்கு முன்னாலை அந்தப் பொம்பிளை நிக்காமல் உங்களுக்கு இந்தப் புள்ளி வராது. எனக்குத் தெரியும். அவவை எப்பவாவது கண்டா, முல்லைத்தீவு யூலிற்றா சொன்னவ எண்டு சொல்லுங்கோ. கொஞ்ச நாளைக்கு மீன்காரனோடை விலை பேசவேண்டாம், கேட்ட காசைக் குடுத்திட்டு வாங்கிக்கொண்டு போகட்டும். பங்குனி வரைக்கும் போதும்.